நோய், மருந்து, கூண்டு: காசநோயுற்ற சுண்டெலிகளின் குடல் பாக்டீரியாக் குழுமங்களை ஒப்பிடுதல்

ஆய்வுச் சுருக்கம்

நலமான சுண்டெலிக்கும் நோயுற்ற சுண்டெலிக்கும் இடையே குடல் பாக்டீரியாக் குழுமம் வேறுபடுகிறது என்னும் முடிவு இன்று பல ஆய்வுகளில் காணப்படுகிறது. ஆயினும் அவ்வேறுபாட்டை விளைவித்தது நோயா, நோய்க்குத் தரப்பட்ட மருந்தா, சுண்டெலி வாழ்ந்த கூண்டா என்பது எல்லா ஆய்வுகளிலும் பிரித்தறியப்படுவதில்லை. காசநோயைச் சான்றாகக் கொண்டு இம்மூன்றையும் பிரித்தறியும் வழிமுறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. நுரையீரலில் நிகழும் காசநோய்த் தொற்று குடல் குழுமத்தில் ஏற்படுத்தும் மாற்றத்தைவிட, ரிஃபாம்பிசின் அடங்கிய கூட்டு மருந்து ஏற்படுத்தும் மாற்றம் பெரிது, நெடிது என்பது சான்றுகளால் பெறப்படுகிறது. கூண்டின் விளைவை விலக்காத ஒப்பீடு, மாதிரிகள் எத்தனை இருப்பினும், நோயைப் பற்றி எதையும் நிறுவாது என்பதும் எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்: குடல் நுண்ணுயிர்க் குழுமம், காசநோய், சுண்டெலி, ரிஃபாம்பிசின், கூண்டு விளைவு, தாம்பரம்.

1. முன்னுரை

சென்னைப் புறநகர் இருப்புப்பாதையில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்திற்கும் இடையே உள்ள நிலையத்திற்குத் தாம்பரம் சானடோரியம் என்று பெயர். ஒரு மருத்துவமனையின் பெயர் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. 1928ஆம் ஆண்டு மருத்துவர் டேவிட் சௌரிமுத்து இங்குக் காசநோயாளிகளுக்கான நலவாழ்வகத்தைத் தொடங்கினார். 1937இல் அது அரசின் பொறுப்பிற்கு வந்தது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்கிவருகிறது. அதன் அருகிலேயே 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் செயல்படுகிறது.

நலவாழ்வகம் தொடங்கப்பெற்ற காலத்தில் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் கிடையாது. தூய காற்று, ஓய்வு, சத்தான உணவு ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. இன்று காசநோயாளி ஆறு மாதங்கள் தொடர்ந்து மாத்திரை உட்கொள்கிறார். முதல் இரண்டு மாதங்கள் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும், அடுத்த நான்கு மாதங்கள் பைராசினமைடு நீங்கலாக ஏனைய மூன்றும் தரப்படுகின்றன. இவை நுரையீரலில் உள்ள கிருமியைக் கொல்வதற்காகத் தரப்படுபவை. ஆனால் வாய்வழி உட்கொள்ளப்படுவதால் முதலில் சென்று சேரும் இடம் குடல். அங்கே நோயோடு தொடர்பில்லாத, உடலுக்குப் பயன்தரும் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றிற்கு என்ன நேர்கிறது என்னும் வினாவிற்கு விடை காண ஆய்வாளர்கள் சுண்டெலியைத் துணைக்கொண்டனர்.

அவ்வாய்வுகள் எதைக் காட்டுகின்றன, அவற்றை எவ்வாறு படிக்க வேண்டும், இத்தகைய ஆய்வை மேற்கொள்ள விரும்பும் ஆய்வாளர் எவற்றில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

2. ஒப்பீடு பற்றிச் சென்னை தந்த பாடம்

ஒப்பீட்டின் இலக்கணத்தை அறியச் சென்னையிலேயே சிறந்த முன்மாதிரி ஒன்று உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றின் கூட்டு முயற்சி அது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சியே.

அம்மையம் எடுத்துக்கொண்ட முதன்மையான வினா எளிமையானது: காசநோயாளியை நலவாழ்வகத்தில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டால் போதாதா? நோயாளிகள் தற்போக்கு முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட்டும் பாஸ் எனப்படும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும் ஓராண்டு வழங்கப்பட்டன. மருந்து ஒன்றே, இடம் மட்டுமே வேறு. நலவாழ்வகத்தில் இருந்தோருக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தோருக்கு அவை குறைவாகவே கிடைத்தன. எனினும் குணமடைந்தோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதை 1959இல் வெளிவந்த முடிவு காட்டியது. நலவாழ்வகங்களின் காலம் முடிவுக்கு வரக் காரணமான ஆய்வுகளுள் இது தலையாயது.

இவ்வாய்வின் வலிமை, ஒன்றைத் தவிர ஏனைய அனைத்தையும் ஒத்திருக்கச் செய்ததில் அடங்கியுள்ளது. 'இடம்' என்னும் காரணி 'மருந்து' என்னும் காரணியிலிருந்து பிரிக்கப்பட்டது. நலமான சுண்டெலியையும் நோயுற்ற சுண்டெலியையும் ஒப்பிடும் குடல் ஆய்வுகளுக்கும் இதே உரைகல் பொருந்தும். அங்கே பிரித்தறிய வேண்டிய காரணிகள் மூன்று: நோய், மருந்து, கூண்டு.

3. குழுமத்தை அளக்கும் முறை

குடல் பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை உயிர்வளி பட்டால் மடிபவை. அவற்றை வளர்தட்டில் வளர்த்து எண்ணுவது கடினம். ஆகவே சுண்டெலியின் புழுக்கையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதில் உள்ள 16எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவைப் படிக்கும் முறை பின்பற்றப்படுகிறது. ஏறத்தாழ 1,500 எழுத்துகள் கொண்ட இம்மரபணு எல்லாப் பாக்டீரியாக்களிலும் உண்டு. அதன் சில பகுதிகள் எல்லாவற்றிலும் ஒத்திருக்கும். ஒன்பது பகுதிகள் இனத்திற்கு இனம் மாறுபடும். மாறுபடும் பகுதியைப் படித்தால் எந்தப் பாக்டீரியா என்பதையும், எத்தனை முறை அது படிக்கப்பட்டது என்பதைக் கொண்டு அதன் பங்கையும் அறியலாம்.

இதிலிருந்து இருவகை அளவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரு மாதிரிக்குள் உள்ள பன்மை. ஷானன் குறியீடு இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. ஐந்து இனங்கள் தலா 20 விழுக்காடு இருக்கும் குழுமத்தின் ஷானன் மதிப்பு 1.61. அதே ஐந்து இனங்களுள் ஒன்று 80 விழுக்காடாகவும் மற்றவை தலா 5 விழுக்காடாகவும் இருந்தால் மதிப்பு 0.78 ஆகக் குறையும். இனங்களின் எண்ணிக்கை மாறவில்லை. ஒன்றின் ஆதிக்கமே பன்மையைக் குறைத்தது. 'பன்மை குறைந்தது' என்ற தொடரைக் காணும்போது இனங்கள் அழிந்தன என்று உடனே பொருள் கொள்ளலாகாது.

இரண்டாவது, இரு மாதிரிகளுக்கு இடையே உள்ள தொலைவு. பிரே-கர்ட்டிஸ் அளவு இனங்களின் பங்குகளை ஒப்பிடுகிறது. 2005இல் அறிமுகமான யூனிஃப்ராக் அளவு இனங்களின் மரபுவழி உறவையும் கணக்கில் கொள்கிறது. நோயுற்ற சுண்டெலிகள் ஒரு புறமும் நலமானவை மறுபுறமும் திரண்டு நிற்கும் வரைபடங்கள் இத்தொலைவுகளைக் கொண்டே வரையப்படுகின்றன.

இம்முறையில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. இது எண்ணிக்கையைத் தருவதில்லை. பங்கை மட்டுமே தருகிறது. கற்பனையான எடுத்துக்காட்டு ஒன்றைக் கொள்வோம். ஒரு குழுமத்தில் 'அ' 600, 'ஆ' 300, 'இ' 100 என 1,000 பாக்டீரியாக்கள் உள்ளன. மருந்து 'அ'வை மட்டும் 100 ஆகக் குறைக்கிறது. மொத்தம் இப்போது 500. 'ஆ' முன்பு 30 விழுக்காடு. இப்போது 60 விழுக்காடு. உண்மையில் 'ஆ' ஒன்றுகூடப் பெருகவில்லை. ஆயினும் 'ஆ இரு மடங்காகப் பெருகியது' என்று கட்டுரையில் எழுதப்பட்டுவிடக்கூடும். மொத்தப் பாக்டீரியா அளவைத் தனியே அளந்து உடன் தருவதே இதற்குத் தீர்வு. மருந்து தரப்பட்ட சுண்டெலிகளைப் பற்றிய ஆய்வில் இது இன்றியமையாதது.

4. குடலிலேயே நிகழும் தொற்று

காசநோய்க்குச் செல்லுமுன், குடலையே தாக்கும் தொற்றில் என்ன நிகழ்கிறது என்பதைக் காண்பது ஒப்பீட்டிற்கு உதவும். சால்மோனெல்லா இதற்குத் தக்க சான்று.

1950களில் சிகாகோவில் போன்ஹாஃப், மில்லர் ஆகியோர் செய்த ஆய்வுகள் இத்துறையின் தொடக்கம் எனலாம். இயல்பான சுண்டெலிக்குச் சால்மோனெல்லாத் தொற்று ஏற்பட ஏறத்தாழ 1,00,000 கிருமிகள் தேவைப்பட்டன. வாய்வழியாக ஸ்ட்ரெப்டோமைசின் தரப்பட்ட சுண்டெலிக்குப் பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமாயின. காசநோய்க்குக் கண்டறியப்பட்ட முதல் சிறந்த மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின், இங்கே குடலின் காவலை நீக்கும் கருவியாயிற்று. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் புதிய கிருமிக்கு இடம் தராமல் தடுக்கின்றன என்பது இதனால் விளங்கியது.

பின்னர் 2007இல் வெளிவந்த ஆய்வுகள் மறுபக்கத்தைக் காட்டின. குடலில் அழற்சி ஏற்படும்போது அவ்வழற்சியே குழுமத்தைக் குலைக்கிறது. சால்மோனெல்லா அக்குலைவால் பயனடைகிறது. அழற்சியின்போது உருவாகும் டெட்ராதயோனேட் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சால்மோனெல்லா மூச்சுவிடுதலுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது 2010இல் விளக்கப்பட்டது. நொதித்தலை மட்டுமே நம்பி வாழும் பிற பாக்டீரியாக்களால் இது இயலாது. ஆகவே அவை பின்தங்குகின்றன.

இங்கே நோய்க்கும் குழும மாற்றத்திற்கும் இடையேயான காரணத் தொடர் தெளிவானது. கிருமி குடலில் இருக்கிறது. அழற்சியும் குடலில் இருக்கிறது. மாற்றமும் குடலில் நிகழ்கிறது. காசநோயில் நிலைமை வேறு.

5. நுரையீரலில் தொற்று, குடலில் மாற்றம்

மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் மூச்சுவழியே உடலுள் புகுந்து நுரையீரலில் தங்குவது. ஆய்வகத்தில் சுண்டெலிகளுக்கு நுண்திவலைகள் வழியே இத்தொற்று ஏற்படுத்தப்படுகிறது. குடலிலிருந்து தொலைவில் நிகழும் இத்தொற்று குடல் பாக்டீரியாக்களை மாற்றுமா?

2014இல் விங்லியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, மாற்றும் என்றது. தொற்றுக்கு முன்னும் பின்னும் சுண்டெலிகளின் புழுக்கையைத் தொடர்ந்து ஆராய்ந்ததில், தொற்று ஏற்பட்ட சிறிது காலத்திலேயே குடல் பாக்டீரியாப் பன்மை விரைந்து குறைந்தது கண்டறியப்பட்டது. குளோஸ்டிரிடியேல்ஸ், பாக்டீராய்டேல்ஸ் ஆகிய வரிசைகளைச் சேர்ந்தவற்றில் மாற்றங்கள் தென்பட்டன. நோயெதிர்ப்பு மண்டலத்தின் எதிர்வினை குடலை எட்டுவதால் இது நிகழலாம் என்பது ஒரு விளக்கம்.

2017இல் நமசிவாயமும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதே வினாவை வேறு அமைப்பில் எழுப்பியது. அவர்கள் தொற்று மட்டும் ஏற்பட்ட சுண்டெலிகளையும், தொற்றுடன் மருந்தும் தரப்பட்டவற்றையும், தொற்றின்றி மருந்து மட்டும் தரப்பட்டவற்றையும் தனித்தனியே நெடுங்காலம் தொடர்ந்து கவனித்தனர். தொற்றால் நேர்ந்த மாற்றம் இனங்காணத்தக்கதாயினும் சிறிதாகவே இருந்தது.

முதல் ஆய்வின் முடிவை இரண்டாம் ஆய்வு மறுத்துவிட்டது என்று கூறுதல் பொருந்தாது. இரண்டும் வெவ்வேறு சூழல்களில் நிகழ்ந்தவை. ஒரே கிருமி ஓரிடத்தில் பெரிய மாற்றத்தையும் வேறோரிடத்தில் சிறிய மாற்றத்தையும் காட்டுமாயின், அளவைத் தீர்மானிப்பதில் கிருமி அல்லாத பிறவும் பங்கேற்கின்றன என்பதே அதன் பொருள்.

6. மருந்தின் பங்கு

2017ஆம் ஆண்டு ஆய்வின் முதன்மைப் பயன் மருந்தைப் பற்றியது. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு ஆகிய மூன்றும் தரப்பட்டதும் குழுமம் உடனடியாக மாறியது. குளோஸ்டிரிடியா வகுப்பைச் சேர்ந்த பல பேரினங்கள் குறைந்தன. சிகிச்சை நிறுத்தப்பட்டு மாதங்கள் கடந்த பின்னரும் குழுமம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மருந்துகளைத் தனித்தனியே தந்து பார்த்தபோது, இம்மாற்றத்தின் பெரும்பகுதிக்கு ரிஃபாம்பிசினே காரணம் என்பது புலனாயிற்று.

மருந்தியல் நோக்கில் இது எதிர்பார்க்கத்தக்கதே. ஐசோனியாசிட்டும் பைராசினமைடும் மைக்கோபாக்டீரியங்களையே பெரிதும் தாக்குபவை. ரிஃபாம்பிசின் அவ்வாறன்று. பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதியைத் தடுப்பதன் மூலம் அது பலவகைப் பாக்டீரியாக்களையும் கொல்கிறது. மேலும் அது பித்தநீர் வழியே குடலுக்குள் வெளியேற்றப்படுகிறது. ஆகவே குடல் பாக்டீரியாக்கள் அதனை மீண்டும் எதிர்கொள்கின்றன.

சுண்டெலியில் கண்ட இவ்வேறுபாடு மனிதரிலும் காணப்பட்டது. அதே 2017இல் ஹைத்தி நாட்டில் நடந்த ஆய்வில், மறைநிலைக் காசநோய்த் தொற்று உடையோருக்கும் தொற்றில்லாதோருக்கும் குடல் குழுமத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சை பெற்றோரிடம் மாற்றம் மிகுதியாக இருந்தது. குணமடைந்து ஓராண்டுக்கு மேலான பின்னரும் அதன் தடயம் இருந்தது. தொற்றின் விளைவு சிறிது, மருந்தின் விளைவு பெரிது, மீட்சி மெதுவானது என்னும் மூன்றிலும் சுண்டெலி மனிதருக்கு வழிகாட்டியது.

இதனைப் படிப்போர் ஒன்றைத் தெளிவாகக் கொள்ளல் வேண்டும். குடல் பாக்டீரியாக்கள் பாதிக்கப்படுகின்றன என்பதற்காக மருந்தை நிறுத்தலாம் என்பது இதன் முடிவு அன்று. சிகிச்சை பெறாத காசநோய் உயிரைப் பறிக்கக்கூடியது. இடையில் நிறுத்தப்பட்ட சிகிச்சை மருந்தெதிர்ப்புக் கிருமிகளை உருவாக்குவது. சிகிச்சையை முழுமையாக முடித்த ஒருவரின் குடல் எவ்வாறு மீள்கிறது, அம்மீட்சிக்கு உதவ இயலுமா என்பதே எழ வேண்டிய வினா.

7. குழுமம் நோயை மாற்றுமா?

இதுவரை நோயும் மருந்தும் குழுமத்தை மாற்றுவதைக் கண்டோம். எதிர்த்திசையிலும் தொடர்பு உண்டா என்னும் வினாவிற்கு இந்தியாவிலிருந்தே விடை வந்தது. சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜாவேத் அக்ரேவாலாவின் ஆய்வுக்குழு 2016இல் வெளியிட்ட கட்டுரை குறிப்பிடத்தக்கது. முன்னதாகவே பலவகை எதிருயிரிகள் தந்து குடல் குழுமம் குலைக்கப்பட்ட சுண்டெலிகளுக்குக் காசநோய்த் தொற்று ஏற்படுத்தப்பட்டது. அவற்றின் நுரையீரலில் கிருமிகள் மிகுந்தன. கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் பரவுதலும் கூடியது. நலமான சுண்டெலியின் புழுக்கையிலிருந்து பெற்ற குழுமத்தைக் குடலில் மீண்டும் செலுத்தியபோது பாதுகாப்பு மீண்டது.

இவ்வாய்வு காரணத்தை நிறுவும் வகையில் அமைந்தது. குழுமத்தை நீக்கினால் நோய் மிகுகிறது. திரும்பத் தந்தால் குறைகிறது. நோயுற்றவற்றையும் நலமானவற்றையும் வெறுமனே ஒப்பிட்டுப் பட்டியலிடுவதைவிட இது வலிமையான சான்று.

ஆயினும் 'நல்ல பாக்டீரியா', 'தீய பாக்டீரியா' எனப் பகுப்பது எளிதன்று. நார்ச்சத்தை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் என்னும் கொழுப்பமிலத்தைத் தரும் பாக்டீரியாக்கள் குடலுக்கு நன்மை செய்பவை என்பது பொதுக் கருத்து. அழற்சியைத் தணிப்பது பியூட்டிரேட்டின் இயல்பு. ஆனால் காசநோயை எதிர்க்க ஓரளவு அழற்சி தேவைப்படுகிறது. 2018இல் வெளியான இந்திய நோயாளிகள் பற்றிய ஆய்வொன்றில், காசநோயாளிகளின் குடலில் பியூட்டிரேட், புரோப்பியோனேட் தரும் பாக்டீரியாக்கள் மிகுந்திருந்தன. இம்மிகுதி நோயெதிர்ப்பைத் தளர்த்தக்கூடும் என்று அவ்வாய்வாளர்கள் கருதினர். ஒரு நோயில் நன்மை தருவது வேறொரு நோயில் அவ்வாறே இருக்கும் எனக் கொள்வதற்கில்லை.

8. கூண்டு என்னும் காரணி

சுண்டெலிகளுக்குத் தம் புழுக்கையையும் உடன் வாழ்வனவற்றின் புழுக்கையையும் தின்னும் இயல்பு உண்டு. ஆதலால் ஒரே கூண்டில் வாழும் சுண்டெலிகளின் குடல் பாக்டீரியாக்கள் சில வாரங்களில் ஒத்த தன்மையை அடைகின்றன. மரபுவழியில் ஒன்றே ஆயினும் வெவ்வேறு வளர்ப்பகங்களிலிருந்து வாங்கப்பட்ட சுண்டெலிகள் குடல் குழுமத்தில் வேறுபடுவதும் அறியப்பட்டதே. ஒரு வளர்ப்பகத்துச் சுண்டெலிகளிடம் காணப்பட்ட இழைவடிவப் பாக்டீரியா ஒன்று, மற்றொரு வளர்ப்பகத்தினவற்றிடம் இல்லாமையால் இரு தொகுதிகளின் நோயெதிர்ப்பு அணுக்களே மாறுபட்டிருந்தன என்பது 2009இல் வெளியான புகழ்பெற்ற முடிவு.

காசநோய் ஆய்வில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. தொற்றுடைய சுண்டெலிகளை நலமானவற்றோடு ஒரே கூண்டில் வைத்தல் இயலாது. அவை மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகத்தில் தனியே வைக்கப்பட வேண்டும். நலமானவை பெரும்பாலும் வேறு அறையில், வேறு காற்றோட்டத்தில், வேறு பணியாளரின் பராமரிப்பில் வாழும். அப்போது 'நோய்' என்னும் காரணியும் 'இடம்' என்னும் காரணியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. சென்னை ஆய்வு எதனைப் பிரித்ததோ அதுவே இங்கே மீண்டும் கலந்துவிடுகிறது.

ஐந்து தொற்றுடைய சுண்டெலிகள் ஒரு கூண்டிலும் ஐந்து நலமானவை மற்றொரு கூண்டிலும் வைக்கப்பட்டதாகக் கொள்வோம். புழுக்கை மாதிரிகள் பத்து. கணினி நிரல் பத்து மாதிரிகளுக்கும் சோதனை செய்து, வேறுபாடு மெய்யானது என்று தெரிவிக்கும். ஆனால் ஒப்பிடப்பட்டவை இரண்டு கூண்டுகளே. நோயே இல்லாத இரு கூண்டுகளை ஒப்பிட்டாலும் இத்தகைய வேறுபாடு தோன்றக்கூடும்.

எத்தனை கூண்டுகள் இருந்தால் போதும் என்பதைக் கணக்கிடலாம். குழுமங்களை ஒப்பிடப் பயன்படும் பெர்மனோவா என்னும் வரிசைமாற்றச் சோதனை, 'நோய்', 'நலம்' என்னும் அடையாளங்களை மாற்றி மாற்றி இட்டுப் பார்த்து, உண்மையில் கிடைத்த வேறுபாடு தற்செயலாகவும் கிடைக்குமா எனச் சோதிப்பது. அடையாளங்களைச் சுண்டெலிவாரியாக மாற்றாமல் கூண்டுவாரியாக மாற்றுவதே முறை. ஒரு பிரிவுக்கு மூன்று கூண்டுகள் எனில், ஆறு கூண்டுகளை இரு சம பிரிவாக்கும் வழிகள் பத்தே. ஆகவே கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி-மதிப்பு 0.1. வேறுபாடு எவ்வளவு பெரிதாயினும் வழக்கமான 0.05 எல்லையைத் தொட முடியாது. பிரிவுக்கு நான்கு கூண்டுகள் எனில் வழிகள் 35. மிகச் சிறிய மதிப்பு ஏறத்தாழ 0.029. பிரிவுக்கு ஆறு கூண்டுகள் எனில் வழிகள் 462; மதிப்பு 0.002 வரை இறங்கலாம்.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறை உண்மை பயனுடையது. பிரிவுக்குப் பன்னிரண்டு சுண்டெலிகளை மூன்று கூண்டுகளில் நான்கு நான்காக வைப்பதைவிட, ஆறு கூண்டுகளில் இரண்டிரண்டாக வைப்பதே மேலானது. சுண்டெலிகளின் எண்ணிக்கை கூடவில்லை. செலவு கூண்டுகளுக்கு மட்டுமே. விலங்கு நெறிக்குழுவிடம் கூடுதல் சுண்டெலிகள் கேட்பதற்கு முன் ஆய்வாளர் எண்ணிப் பார்க்க வேண்டியது இது. பயனற்ற அமைப்பில் கொல்லப்படும் சுண்டெலி வீணே கொல்லப்படுகிறது.

மேலும் சில முறைகளும் துணைபுரியும். தொற்றுக்கு முந்தைய வாரங்களில் எல்லாக் கூண்டுகளின் உமிப்படுக்கையையும் கலந்து பகிர்ந்தளித்தால் தொடக்கநிலை ஒத்துவிடும். ஒவ்வொரு சுண்டெலியிடமும் தொற்றுக்கு முன்னரும் மாதிரி எடுத்தால் அது தனக்குத் தானே ஒப்பீடாகும். நலமான பிரிவிற்கும் கிருமியற்ற நுண்திவலையைச் செலுத்தி, அதே வகை ஆய்வகச் சூழலில் தனிக்கூண்டுகளில் வைத்தல் வேண்டும். டி.என்.ஏ. பிரித்தலையும் மரபணுப் படித்தலையும் இரு பிரிவு மாதிரிகளையும் கலந்த வரிசையில் செய்தல் வேண்டும்.

9. சுண்டெலியிலிருந்து தாம்பரத்திற்கு

சுண்டெலி ஆய்வகத்தில் ஒரே உணவை உண்கிறது. மருத்துவமனைக்கு வரும் நோயாளி அவ்வாறில்லை. சிகிச்சை தொடங்கியதும் அவரது உணவும் மாறுகிறது. மத்திய அரசின் நிக்ஷய் போஷண் திட்டத்தின்கீழ் 2018 முதல் காசநோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுக்காக 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024இல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வு, நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவு உதவி அளித்தால் அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைவதைக் காட்டியது. நோயாளிக்கு நல்ல உணவு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் உணவு குடல் குழுமத்தை மாற்றும் முதன்மைக் காரணிகளுள் ஒன்று. ஆகவே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுக்கப்படும் மாதிரிகளில் மருந்தின் விளைவும் உணவின் விளைவும் சேர்ந்தே இருக்கும்.

மனிதருக்கும் 'கூண்டு' உண்டு. அது அவர் வாழும் வீடு. ஒரே வீட்டில் வாழ்வோர் ஒரே சமையலை உண்கின்றனர். ஒரே நீரைப் பருகுகின்றனர். தாம்பரத்தில் நோயுற்ற ஒருவரைப் பல்கலைக்கழக விடுதியில் வாழும் நலமான மாணவரோடு ஒப்பிட்டால், கிடைக்கும் வேறுபாட்டில் நோய்க்குரிய பங்கு எவ்வளவு என்று கூறுதல் அரிது. பல்லாவரத்திலோ சேலையூரிலோ அவரது வீட்டிலேயே வாழும் நலமான உறவினரோடு ஒப்பிடுதல் பொருத்தமானது. நோயாளியின் முதல் மாதிரியை முதல் மாத்திரைக்கு முன்பே எடுத்துவிடுதல் அதனினும் முதன்மையானது. முதல் வாரம் கடந்து எடுக்கப்படும் மாதிரி நோயைப் பற்றியன்று, ரிஃபாம்பிசினைப் பற்றியே பேசும்.

சித்த மருந்துகளின் குடல் விளைவை ஆராய முற்படுவோருக்கும் இது பொருந்தும். காசநோய் மருந்தோடு துணைமருந்தாக ஒரு சூரணம் தரப்பட்டு, குழுமம் மீண்டது எனக் காட்டப்படுமாயின், காலத்தால் தானே நிகழும் மீட்சியை எவ்வாறு விலக்கினீர் என்னும் வினா எழும். சூரணம் தரப்படாத, ஆனால் ஏனைய அனைத்திலும் ஒத்த பிரிவு ஒன்று இருந்தாலன்றி அதற்கு விடையில்லை.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. குடலைத் தாக்கும் தொற்று குழுமத்தை நேரடியாக மாற்றுகிறது. நுரையீரல் காசநோய் ஏற்படுத்தும் குடல் மாற்றம் அதனினும் சிறியது. ஆய்வுச் சூழலுக்கேற்ப வேறுபடுவது.

2. காசநோய்ச் சிகிச்சையில் குழும மாற்றத்தின் முதன்மைக் காரணி ரிஃபாம்பிசின். அம்மாற்றம் சிகிச்சைக்குப் பின்னும் நீடிக்கிறது. இது சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பதை எவ்வகையிலும் மாற்றாது.

3. குழுமத்தைக் குலைத்தலும் மீட்டலும் காசநோயின் போக்கை மாற்றுவது சுண்டெலிகளில் காட்டப்பட்டுள்ளது.

4. பங்கின் மாற்றம் எண்ணிக்கையின் மாற்றம் ஆகாது. மொத்தப் பாக்டீரியா அளவு உடன் தரப்படல் வேண்டும்.

5. கூண்டே ஒப்பீட்டின் அலகு. பிரிவுக்கு நான்கு கூண்டுகளுக்குக் குறைந்த ஆய்வமைப்பில், வரிசைமாற்றச் சோதனை வழக்கமான எல்லையில் எதையும் நிறுவாது.

தாம்பரத்தில் நலவாழ்வகம் எழுந்த நாளில் உணவும் காற்றும் ஓய்வுமே நோயைத் தீர்ப்பன என நம்பப்பட்டது. மருந்தே தீர்ப்பது என்பதைச் சேத்துப்பட்டில் முறையான ஒப்பீடு ஒன்று நிறுவியது. அம்மருந்து குடலில் விட்டுச்செல்லும் மாற்றத்தை அறிவதும், உணவு அதனைச் சீர்செய்யுமா என ஆராய்வதும் இன்றைய ஆய்வாளரின் பணி. அதனைச் சுண்டெலியில் தொடங்குவோர் முதலில் கூண்டுகளை எண்ணுதல் வேண்டும்; மனிதரில் தொடங்குவோர் முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரியைப் பெறுதல் வேண்டும்.